நூற்று இருபத்தேழாம் வரி

ஆமா என்று சொல்லிவிட்டாள் நிறைமதி. சொல்லி முடித்து, அந்தப் பெண் தலையாட்டிவிட்டு நான்காவது வரிசையில் தன் நாற்காலிக்குத் திரும்பிப்போய், துப்பட்டாவைக் கழுத்தில் இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான், எதற்கு ஆமா சொன்னோம் என்று மனசு திரும்பிப் பார்த்தது. அக்கா, நான் எழுதிக் குடுத்த நம்பருக்குத்தான மெசேஜ் போகும்? ஆமா. அவ்வளவுதான் பேச்சு. காலை எட்டரையிலிருந்து அவள் வாய் ஆமா சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது. செருப்பை வெளியே விடணுமா, ஆமா. பாத்ரூம் இந்தப் பக்கமா, ஆமா. பாஸ்வேர்டில் எண் கட்டாயமா, ஆமா. மதியச் சாப்பாடு உண்டுதானே, ஆமா ஆமா. உதவி மேசைக்கு வந்த புதுப் பிள்ளைகளில் பாதிப் பேர் பதிலுக்காக வரவில்லை, யாராவது ஒருத்தர் ஆமா சொல்லிக் கேட்கத்தான் வந்தார்கள் என்று பட்டது. தெரியாத இடத்தில் அது ஒரு வாய்த் தண்ணீர் மாதிரி. அவளும் சலிக்காமல் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இந்த ஒரு ஆமா மட்டும் தொண்டையை விட்டு இறங்காமல் மீன்முள் மாதிரிக் குறுக்கே நின்றது. நான் எழுதிக் குடுத்த நம்பர். அப்படியென்றால் எழுதிக் கொடுக்காத நம்பர் ஒன்று எங்கேயோ இருக்கிறது. திரையின் மூலையில் மணி பதினொன்று இருபத்திரண்டு. கணினி மையத்தின் குளிர் வெறுங்காலில் ஏறி முழங்கால்வரை வந்திருந்தது. நூற்றிருபது பேருக்கான இடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர், ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேராக ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு கிளாட்சன் சார், கணினி மையத்தின் பொறுப்பாளர், உங்கள் சொந்த விவரங்களை முன்பின் தெரியாத யாருக்கும் கொடுக்காதீர்கள் என்று திரையில் எழுதியிருந்ததை அப்படியே வாசித்துக்கொண்டிருந்தார். ஊர், முகவரி, தங்கும் இடம், என்றார். குறிப்பா பொம்பளப் பிள்ளைங்க, என்றார்.

ஊர், முகவரி, தங்கும் இடம். ஐந்து நிமிஷம் முன்னால் இதே மனிதர் இதே திரையில் இன்னொன்றைக் காட்டினாரே, அதற்குப் பிறகுதானே அந்தப் பெண் எழுந்து வந்தாள். மதியம் பன்னிரண்டுக்கு எல்லாப் பெற்றோருக்கும் போகப்போகும் குறுஞ்செய்தியின் மாதிரி அது. தங்கள் பொறுப்பிலுள்ள இன்னார், இன்ன துறை, இன்ன ஊரிலுள்ள எங்கள் பல்கலைக்கழகத்தில் நல்லபடியாகச் சேர்ந்துள்ளார், விடுதி இன்னது, அறை எண் இன்னது, இச்செய்தியை வாயிலில் காட்டிப் பார்வையாளர் அனுமதி பெறலாம், சந்தேகங்களுக்கு இந்த எண்ணை அழைக்கவும். அந்த எண்ணுக்கான பழைய செல்போன் நிறைமதியின் முன்னால் மேசையில்தான் கிடந்தது; உதவி மேசை அவளுடையது, ஆகவே போனும் அவளுடையது. பதிவாளர் பன்னிரண்டுக்கு வருவார், மல்லிகைச் சரம் சுற்றிய மேசையில் வைத்திருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்துவார், இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளில் செல்போன் சிணுங்கும். குத்துவிளக்குக்குப் பதிலாக இந்த வருஷம் இது. மாதிரிச் செய்தியைப் பார்த்ததும் பிள்ளைகள் கைதட்டின. அந்தப் பெண் தட்டவில்லை. நிறைமதி குனிந்து விண்ணப்பக் கட்டை எடுத்தாள். பேர் என்ன சொன்னாள், முத்துப்பேச்சி, விலங்கியல். நூல் கட்டிய கட்டுக்குள் மேலிருந்து கீழாக விரல் ஓடியது. கிடைக்காமல் போனால் நல்லது என்று ஒரு பக்கம் விரலே சுணங்கியது. கிடைத்தது. காப்பாளர் கைப்பேசி என்ற கட்டத்தில் அச்சாகி வந்திருந்த எண்ணின் மேல் பேனாவால் ஒரு கோடு, ஒரே கோடு, ஸ்கேல் வைத்து அடித்தது. மேலே வேறொரு எண், அடியில் இரண்டு கோடு. பக்கத்தில் எறும்பு மாதிரிச் சின்ன எழுத்தில், இது மட்டும்.

இது மட்டும். காலையில் இதை அவள் பார்த்தாளா? பார்த்தாள். பார்க்கவில்லை என்று தனக்குத்தானே பொய் சொல்ல ஒரு கணம் ஆசையாக இருந்தது. ஆனால் அவள் பொய்யைக் கண்டால் விடுகிற ஆள் இல்லை, அது தன்னுடையதாக இருந்தாலும். பார்த்தாள். பத்தரை மணிக்கு அந்தப் புது எண்ணை ஒவ்வொன்றாகத் தட்டி உள்ளே ஏற்றினாள். ஏற்றியதும் நூற்று இருபத்தேழாவது வரி முழுக்கச் சிவப்பாகியது. கலந்தாய்வுக்கு விண்ணப்பித்தபோது கொடுத்த எண்ணோடு இந்த எண் ஒத்துப்போகாவிட்டால் வரி சிவப்பாகும், ஒத்துப்போனால் பச்சை. சிவப்பு வரி ஒன்றுகூட இருக்கக் கூடாது, பழைய நம்பரைப் போட்டா தன்னால பச்சையாயிரும் என்று தன்னார்வலர்களுக்குப் போன வாரமே கிளாட்சன் சார் சொல்லிக் கொடுத்திருந்தார். பழைய நம்பரையும் ஒவ்வொன்றாகத் தட்டித் திரும்பப் போட்டாள். பச்சை ஆனது. அடுத்து என்றாள். இப்படிப் பதினோரு வரிகளை அவள் பச்சையாக்கியிருந்தாள். ஒரு அப்பாவின் சிம் தொலைந்துபோனது, இன்னொரு அம்மா மகளோடு போனை மாற்றிக்கொண்டது, மற்றதெல்லாம் இந்த மாதிரி ஒன்றுமில்லாத காரணங்கள்தான் என்று நினைத்திருந்தாள். நினைத்தாளா? கேட்கவே இல்லை. வரிசை வராந்தா கடந்து படிக்கட்டுவரை நின்றது, ஏசி போட்டும் வியர்த்தது, பக்கத்து மேசையில் இன்னொரு தன்னார்வலர் ரிஸ்வானா அவளைவிட ஐந்து பேர் முன்னால் போயிருந்தாள். விடுதி ஏழு மணிக்குப் பூட்டுவதை எதிர்த்து வார்டனோடு இரண்டு மணி நேரம் நின்றபடி வாதாடியவள் நிறைமதி. நூலகத்தில் ஆண்களுக்கு ஒரு நேரம் பெண்களுக்கு ஒரு நேரம் என்பது எந்தச் சட்டத்தில் இருக்கிறது, எடுத்துக் காட்டுங்கள் என்று கேட்டுச் சுற்றறிக்கையையே கிழிக்க வைத்தவள். அப்பேர்ப்பட்டவள் ஒரு நிறத்தோடு வாதாடவில்லை. சிவப்பு என்றது, சரி என்றாள்.

இதில் இன்னும் மோசமானது ஒன்று உண்டு. முதல் வருஷப் பிள்ளைகளுக்கான இந்தப் புத்தொளிப் பயிற்சியே அவள் சண்டை போட்டு வாங்கியது. மூன்று வருஷம் முன்னால் அவள் இதே கட்டடத்தில் முதல் நாள் வந்தபோது, தமிழ் மீடியத்தில் படித்து மௌஸை அதற்கு முன் இரண்டே தடவை தொட்டவளை, போர்ட்டலில் பதிவு பண்ணு என்று ஒரே வார்த்தையில் விரட்டினார்கள். போர்ட்டல் என்றால் என்ன என்று கேட்கக் கூச்சப்பட்டு ஒரு வாரம் வகுப்புப் பட்டியலில் பேரே இல்லாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அந்த ஒரு வாரத்தை அவள் மறக்கவில்லை. வருகிறவர்களுக்கு முதல் மூன்று நாள் எல்லாம் சொல்லிக்கொடுக்க வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்து, திட்டாமல், தமிழில், என்று மனு எழுதி நானூறு கையெழுத்து வாங்கினாள். பல்கலைக்கழகக் கமிட்டியில் ஒத்துக்கொண்டார்கள். பெற்றோர்களும் நிம்மதியாக இருக்கணுமில்லையா, அவர்களுக்கு ஒரு மெசேஜ், என்றார் ஒருவர். பதினெட்டு வயசானவர்களுக்கு எதற்குக் காப்பாளர் என்று அவள் கேட்டாள். கேட்டாள், அது உண்மை. ஒரே ஒரு மெசேஜ்தானேம்மா, அதுக்குப் போய் எல்லாத்தையும் நிறுத்தணுமா என்றார்கள். சரி ஒன்று மட்டும் என்று அவளும் இறங்கி வந்தாள். விட்டுக்கொடுக்கவும் தெரிகிறதே இந்தப் பெண்ணுக்கு என்று யாரோ சிரித்தார்கள், அது பாராட்டு மாதிரி அப்போது இனித்தது. ஒன்று மட்டும். இது மட்டும். இரண்டும் ஒரே கையெழுத்தில் எழுதின மாதிரி கண்ணுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன.

பதினொன்று முப்பத்தாறுக்கு எழுந்து மேடைப் பக்கம் போனாள். கிளாட்சன் சார் மைக்கை ரிஸ்வானாவிடம் கொடுத்துவிட்டு மேடைக்குக் கீழே லேப்டாப்பில் குனிந்திருந்தார். கெட்ட மனிதர் இல்லை. போன வருஷம் அவளுக்குக் காய்ச்சல் என்று தெரிந்து தன் வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர். ஆனால் பதிவாளர் வருகிற நாளில் அவர் சட்டைக் காலர் முழுக்க நனைந்துவிடும்.

"சார், ஒரு நம்பர் மாத்தணும்."

"எத்தனாவது வரிம்மா?"

"நூத்தி இருபத்தேழு."

அவர் கீழே உருட்டிப் பார்த்தார். "பச்சையாத்தான இருக்கு?"

"பச்சைதான் சார். ஆனா தப்பு."

"பச்சைன்னா தப்பில்லம்மா" என்றார், குழந்தைக்குச் சொல்கிற மாதிரி. பதினோரு மணிக்கே பட்டியலைப் பூட்டியாயிற்று என்றும், திறக்க வேண்டுமென்றால் பதிவாளரின் போனுக்கு ஓடிபி போகும் என்றும், அந்த மனிதர் இப்போது காரில் வந்துகொண்டிருப்பார் என்றும், காரில் வரும்போது அவருக்கு ஓடிபி கேட்டால் தன் வேலை போகும் என்றும் சொன்னார். கடைசியைச் சிரித்துக்கொண்டே சொன்னாலும் அது சிரிப்பு இல்லை. விழா முடியட்டும், மத்தியானம் மாத்திக்கலாம், ஒரு நம்பர்தான, என்றார். மத்தியானம் மாற்றி என்ன செய்ய, அதற்குள் போய்விடுமே. அதை அவள் சொன்னாள். போனா என்ன, அவங்க வீட்டு நம்பர்தான என்றார் அவர். இந்த இடத்தில் அவள் சொல்லியிருக்க வேண்டும். நான்தான் சார் மாத்தினேன், அந்தப் பொண்ணு அடிச்சுட்டுக் குடுத்ததை நான் பச்சைக்காக மாத்தினேன். நாக்கு நுனிவரை வந்தது. பக்கத்தில் இரண்டு தன்னார்வலர்கள் நின்றார்கள், அவள் பயிற்சி கொடுத்த ஜூனியர்கள், அவள் வாயைப் பார்த்துக்கொண்டு. மற்றவன் தப்பு என்றால் அவள் வாயில் வார்த்தை வரிசைகட்டி வரும். இது தன் தப்பு, இதற்கு வார்த்தை எங்கேயிருந்து வரும் என்றே தெரியவில்லை. சரி சார் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். சரி சார். யார் சொன்னது இதை, யாருடைய குரல் இது.

அவங்க வீட்டு நம்பர்தான. வீடு என்றதும் காலையில் அந்தப் பெண் மேசைக்கு எதிரே நின்றது துண்டு துண்டாக வர ஆரம்பித்தது. வராமல் இருந்திருக்கலாம். காதில் விழுந்ததெல்லாம் எங்கேயும் போய்விடுவதில்லை, கேட்காமல் விட்டதுதான் முதலில் திரும்பி வருகிறது. அக்கா அந்த நம்பரு, என்று அவள் ஆரம்பித்தாள். பின்னால் யாரோ தள்ளினார்கள். நிறைமதி தலையைத் தூக்காமல் பேர் சொல்லு என்றாள். பேர் சொன்னாள். அது எங்க அண்ணன் நம்பருக்கா, அப்ப அவன்தான் பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிட்டுப் போயி விண்ணப்பம் போட்டான், இப்ப அது வேண்டாம். சரி சரி என்றாள் நிறைமதி, தட்டிக்கொண்டே. அப்புறம் நிமிர்ந்தாள். ஒருத்தரையாவது நிமிர்ந்து பார்த்து நல்லதாக ஒரு வார்த்தை பேச வேண்டும், அதுதானே மனுவில் எழுதியது, திட்டாமல், தமிழில். துப்பட்டா அப்போது தோளில் கிடந்தது. காதோரமாக முடி ஒட்ட வெட்டியிருந்தது, ஒரு பக்கம் கொஞ்சம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி. பேச்சைக் கேட்டால் தென்கோடிக் கிராமம், அங்கேயிருந்து இப்படி ஒரு வெட்டா என்று நிறைமதிக்கு உண்மையாகவே பிடித்தது. முடி சூப்பரா இருக்கே, யாரு வெட்டினா, என்று கேட்டாள். அந்தப் பெண் இரண்டு கண்ணையும் அவள் மேல் வைத்து, எங்க அண்ணன், என்றாள். உங்க அண்ணனுக்கு நல்ல கை, என்று நிறைமதி சிரித்தாள். ரிஸ்வானாவும் சிரித்தாள். வரிசையில் பின்னால் நின்றவளும் சிரித்தாள். முத்துப்பேச்சி சிரிக்கவில்லை, துப்பட்டாவை இழுத்துக் கழுத்தைச் சுற்றிக்கொண்டாள், அதற்குப் பிறகு இந்த நிமிஷம்வரை அதை எடுக்கவில்லை. ஏசி குளிர் என்று நினைத்தாளே, கடவுளே, ஏசி குளிர் என்று.

நல்ல கை. நல்ல கை. உள்ளங்கை வியர்த்து விண்ணப்பத்தின் ஓரம் நனைந்தது. அதற்கப்புறம் அவள் இன்னொன்றும் சொன்னாள், போகும்போது, பாதி திரும்பி. அது மட்டும் பிடிபடாமல் நழுவியது. ஏதோ வண்டி. வண்டி வச்சிருக்கான். ஆமாம், அதுதான், லோடு வண்டி வச்சிருக்கான்க்கா, ஒரு எடத்துல நிக்க மாட்டான். நான் எந்த ஊர்ல இருக்கேன்னு தெரியாது அவனுக்கு. தெரிஞ்சா வந்துருவான். அடுத்து, என்றாள் நிறைமதி. வந்துருவான் என்பதை அவள் காது பாசம் என்று எடுத்துக்கொண்டது. தங்கச்சியைப் பார்க்க அண்ணன் வருவான், பை நிறையப் பண்டம் வாங்கிக்கொண்டு, கேட்டில் காத்துக் கிடப்பான். எத்தனை அண்ணன்மார் அப்படி வந்து பார்த்திருக்கிறாள். கேட்டில் இனிமேல் காத்துக் கிடக்கவும் வேண்டாம். மெசேஜைக் காட்டினால் விடுவார்கள். விடுதி எது, அறை எது என்று கேட்டு அலைய வேண்டாம். ஆ பிளாக், நாற்பத்தாறு. வழி சொல்லிக்கொடுக்கிற புத்தொளிப் பயிற்சி இல்லையா இது, புதிதாக வருகிற எவனும் தடுமாறக் கூடாது. நான்காவது வரிசையில் முத்துப்பேச்சி குனிந்து ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தாள். யாராலும் கண்டுபிடிக்க முடியாத பாஸ்வேர்ட் உருவாக்குவது எப்படி என்ற பாடம் ஓடிக்கொண்டிருந்தது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், ஒரு குறி. பக்கத்துப் பெண் எட்டிப் பார்த்தபோது கையைக் குவித்து மறைத்துக்கொண்டாள். திரையில் கோடு நீண்டு வலுவானது என்று பச்சை எழுத்தில் வந்தது. அந்தச் சின்ன முகத்தில் ஒரு பெருமை வந்து போனது. அவளிடம் இருந்தது மூலை உடைந்த ஒரு போன், அவளுடைய டீச்சர் கொடுத்த பழைய போன். அந்த டீச்சரின் நம்பர்தான் இரண்டு கோடு போட்ட நம்பர், இதையும் காலையில் அவளே சொல்லியிருந்தாள்.

பதினொன்று ஐம்பது. பிளக்கைப் பிடுங்கினால்? யுபிஎஸ் இருக்கிறது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினால்? எங்கே ஓட, பூட்டிய பட்டியல் இந்த லேப்டாப்பிலா இருக்கிறது. ரிஸ்வானாவிடமிருந்து மைக்கை வாங்கி, இதை அனுப்பாதீர்கள், இதில் ஒரு பெண்ணின் உயிர் இருக்கிறது என்று கத்தினால்? இருநூறு முகமும் எந்தப் பெண் என்று திரும்பும். எந்தப் பெண் என்பதைத் துப்பட்டாவே காட்டிக்கொடுத்துவிடும். முதல் நாளே அவளை இப்படி அம்பலத்தில் நிறுத்த உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? சரி, அவளை நிறுத்தாதே, உன்னை நிறுத்து. நான் தப்பாகப் போட்டேன் என்று மட்டும் சொல். சொன்னேனே. தப்பு என்று சொன்னாய், யாருடைய தப்பு என்று சொன்னாயா? ஒருவேளை நீ ரொம்பக் கற்பனை செய்கிறாய். அண்ணனுக்குக் கோபம் அடங்கியிருக்கும். எத்தனை நாளாச்சு முடி வெட்டி? ஒரு பக்கம் காதைத் தொடுகிறது, இன்னொரு பக்கம் இன்னும் தொடவில்லை. முடி எவ்வளவு சீக்கிரம் வளரும், மாதத்துக்கு அரை அங்குலமா? அப்படியானால் ஒரு மாதம்கூட ஆகவில்லை. இப்போதே போய் அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடலாம். சொன்னால் என்ன ஆகும், பயப்படுவாள். இன்னும் பத்து நிமிஷத்தில் சரிசெய்துவிட்டால் வீணாகப் பயமுறுத்தியது மாதிரி ஆகாதா? இது அக்கறை மாதிரியே இருக்கிறது, எவ்வளவு அழகாக வேஷம் போட்டு வருகிறது பார், கோழைத்தனம். சுவரோரமாக நின்ற ஜூனியர் ஒருத்தி வந்து, அக்கா, பதிவாளர் கார் இன்னும் ரயில்வே கேட்டுலயே நிக்குதாம், கால் மணி நேரம் லேட்டாகும், என்று காதில் சொன்னாள்.

லேட்டாகும். அந்த ரயிலை, அந்தக் கேட் கீப்பரை, இன்னும் நீளமாக இருக்கக் கூடாதா என்று அந்தக் கூட்ஸ் வண்டியை அவள் மனசார வாழ்த்தினாள். கால் மணி நேரம் இருக்கிறது. அந்தச் சிவப்புப் பொத்தானை யாரும் தொடாதவரை ஒன்றும் போகாது. அது மல்லிகைச் சரத்துக்கு நடுவில் சும்மா உட்கார்ந்திருந்தது, அழுத்தினால் எரிய ஒரு குண்டு பல்பு அதன் தலைக்கு மேல். இந்தக் கால் மணியில் வார்த்தையைச் சேர்த்துக்கொள்ளலாம். முதலில் ஒத்துக்கொள்வது, பிறகு கேட்பது. சார், நான்தான் மாத்தினேன். என் மேல என்ன நடவடிக்கை வேணும்னாலும் எடுங்க. பட்டியலைத் திறங்க, இல்லன்னா இந்த ஒரு வரியைத் தூக்கிடுங்க. முடியாதுன்னா பதிவாளர் படியேறும்போதே நான் அவர்கிட்ட பேசுவேன். பதினெட்டு வயசான ஒருத்தி இந்த நம்பர் வேண்டாம்னு கோடு போட்டுக் குடுத்தா, அதை மதிக்காத பயிற்சி எதுக்கு, யாருக்கு? வந்துவிட்டது, வார்த்தை வந்துவிட்டது, பழைய சூட்டோடு ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. தன் குரல் தனக்குள்ளேயே கணீரென்று கேட்டது. திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். எந்த வார்த்தைக்குக் கிளாட்சன் சார் என்ன சொல்வார், அதற்குத் தான் என்ன சொல்வது என்பதுவரை ஓட்டிப் பார்த்தாள். அவர் தோற்றார். பதிவாளரும் தோற்றார். எழுந்தபோது திரை மூலையில் பன்னிரண்டு மூன்று. விண்ணப்பத்தை ஒரு கையிலும் உதவி மேசை போனை இன்னொரு கையிலும் எடுத்துக்கொண்டு நடந்தாள். மேடைக்கு நான்கு அடி இருக்கும்போது போன் கையில் அதிர்ந்தது.

யாரோ ஒரு அப்பா, சந்தேகம் கேட்கிறவர், என்று நினைத்தாள். அப்புறம்தான் அது நடக்கக்கூடாதது என்று உறைத்தது. இந்த எண் எந்த வீட்டுக்கும் இன்னும் தெரியாதே. கிளாட்சன் சார் தலையைத் தூக்கி, எடும்மா, ஆரம்பிச்சிருச்சு, என்றார்.

"பட்டன் இன்னும் அழுத்தலையே சார்?"

"அது சும்மா லைட்டுக்கும்மா. மெசேஜ் பன்னெண்டுக்குத் தானா போற மாதிரி காலையிலயே வச்சாச்சு."

போன் திரையில் நின்ற எண் அவளுக்குத் தெரிந்திருந்தது. பத்தரை மணிக்கு ஒவ்வொன்றாகத் தட்டிய விரலுக்குத்தான் முதலில் தெரிந்தது. எடுத்துக் காதில் வைத்தாள். எதிர்முனையில் அவள் எதிர்பார்த்த குரல் இல்லை. கத்தலுக்கும் கெட்ட வார்த்தைக்கும் அவள் தயாராக இருந்தாள், அதோடு மோதவும் தயாராக இருந்தாள். வந்தது மெல்லிய, மரியாதையான, கொஞ்சம் தூக்கம் கலைந்த மாதிரியான குரல்.

"வணக்கம் மேடம். மெசேஜ் வந்துச்சு. முத்துப்பேச்சிக்க அண்ணன் பேசுதேன்."

அவள் கண் நான்காவது வரிசைக்குப் போனது.

"தங்கச்சி நல்லாருக்காளா மேடம்? சாப்பிட்டாளா?"

"அப்படி யாரும் இங்க இல்ல" என்றாள் நிறைமதி. குரல் கணீரென்று வரவில்லை.

அந்தப் பக்கம் லேசாகச் சிரித்தது. "இருக்கட்டும் மேடம். நாப்பத்தாறுன்னு ரூம் நம்பரு வரைக்கும் போட்டிருக்கே. நல்ல ஏற்பாடு பண்ணிருக்கிய. ரொம்ப நன்றி." பிறகு வாயைப் போனிலிருந்து விலக்கிப் பக்கத்தில் யாரிடமோ, மாப்ள தார்ப்பாயை அவுரு, லோடு நாளைக்குப் போட்டுக்கிடுவோம், என்றது கேட்டது. கதவு அடைபட்டது. ஒரு எஞ்சின் இரண்டு தடவை இருமி மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. இணைப்பு அறுந்த பிறகும் அந்தச் சத்தம் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கை போனைக் கீழே இறக்கவில்லை. சொல்லி வைத்திருந்த வாதமெல்லாம் வரிசை குலையாமல் உள்ளே அப்படியே நின்றது. கேட்க ஆளில்லை. நான்காவது வரிசைக்கு நடந்தாள். தரை இவ்வளவு குளிரா, காலையிலிருந்தே இப்படித்தான் இருந்ததா. குனிந்து அந்தப் பெண்ணின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள், முகம் முகத்துக்கு நேராக வருகிற மாதிரி.

"போயிருச்சாக்கா மெசேஜ்?" என்றாள் முத்துப்பேச்சி.

"போயிருச்சு."

"டீச்சருக்குத்தான?"

"இல்ல." அந்தச் சொல் வெளியே வந்ததும் மற்றவை பின்னாலேயே வந்தன, அலங்காரம் இல்லாமல். "உங்க அண்ணனுக்குப் போயிருச்சு. நீ எழுதினதை நான்தான் மாத்தினேன். இப்ப போன் பண்ணினான். கெளம்பிட்டான்."

அடிப்பாள் என்று நினைத்தாள். அழுவாள் என்று நினைத்தாள். அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். முத்துப்பேச்சி திரையின் மூலையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே, மணி என்னக்கா, என்று கேட்டாள், எதிரே தெரிகிறதை இன்னொருவர் வாயால் கேட்டால் மாறிவிடும் என்பது மாதிரி. பன்னெண்டு ஏழு என்றாள் நிறைமதி. அந்தப் பெண் மடியில் வலது கைவிரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். எங்க ஊர்ல இருந்துன்னா ரெண்டரை மணி நேரம் ஆகும், என்றாள். பிறகு ஒரு விரலைத் திரும்ப நிமிர்த்தினாள். பைபாஸ் போட்டதுல இருந்து ரெண்டே கால்தான். எழுந்து, தான் உருவாக்கிய பாஸ்வேர்ட் இருந்த பக்கத்தை ஒழுங்காக மூடி, காலையில் சொல்லிக்கொடுத்த மாதிரியே வெளியேறு என்பதை அழுத்தி, நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டுக் கதவைப் பார்த்து நடந்தாள். இருவரும் வராந்தாவுக்கு வரும்போது படிக்கட்டில் பதிவாளர் பரிவாரத்தோடு ஏறிக்கொண்டிருந்தார், ரயில்வே கேட்டைத் திட்டியபடி. ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார்கள். என்னம்மா, புத்தொளிப் பயிற்சி பிடிச்சிருக்கா, என்று அவர் முத்துப்பேச்சியின் தலையைத் தடவுவது மாதிரி கையைக் காற்றில் வைத்துக் கேட்டுவிட்டு உள்ளே போனார். வராந்தா நெடுக இருநூற்றுச் சொச்சம் ஜோடிச் செருப்புகள் கிடந்தன. முத்துப்பேச்சி குனிந்து தேடினாள். எந்தக் கலர், என்று நிறைமதியும் குனிந்தாள். பிரவுன், புதுசுக்கா, டீச்சர் வாங்கிக் குடுத்தது. எல்லாமே புதுசாக இருந்தது. காலேஜுக்கு என்று வீட்டில் வாங்கிக் கொடுத்த செருப்பு, பாதிக்கு மேல் பிரவுன், சிலவற்றில் விலைச்சீட்டுகூட உரிக்கவில்லை. முத்துப்பேச்சி ஒன்றைக் கண்டுபிடித்தாள், அதன் ஜோடி கிடைக்கவில்லை. உள்ளே கைதட்டல் எழுந்தது, பல்பு எரிந்திருக்கும். முத்துப்பேச்சி கையில் இருந்த ஒற்றைச் செருப்பை வரிசையாக, மற்றதற்குப் பக்கத்தில் வைக்கிற மாதிரி, தரையில் வைத்தாள். கெடக்கட்டும்க்கா, என்றாள். வெறுங்காலோடு படியிறங்கி வெயிலுக்குள் போனாள். நிறைமதியும் தன் செருப்பைத் தேடவில்லை. தார் ரோடு உள்ளங்காலைப் பிடித்துக்கொண்டது. கையில் போன் மறுபடி அதிர ஆரம்பித்தது, பார்க்காமலே எந்த எண் என்று விரலுக்குத் தெரிந்தது. நாலு எட்டு போனதும் முத்துப்பேச்சி நின்று, துப்பட்டா நுனியை வாயருகே பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"ஒண்ணும் ஆகாதுல்லக்கா?"

காலை எட்டரையிலிருந்து பழகிய பழக்கத்தில் நிறைமதியின் வாய் ஆ என்று திறந்தது. அதை மூடிக்கொண்டு, அவள் கையைப் பிடித்தாள்.